மலிவான பாகம் முதலில் கெட வேண்டும்

ஸ்பின்னிங் மில்லில் நூலை முறுக்கிச் சுற்றுகிற மெஷினுக்கு ரிங் ஃபிரேம் என்று பெயர். அதில் நூல் ஏறுகிற சுழலும் தண்டான ஒவ்வொரு ஸ்பிண்டிலைச் சுற்றியும் ஒரு எஃகு வளையம் இருக்கும், அந்த வளையத்தின் விளிம்பில் நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு வளைந்த கம்பித் துண்டு ஓடிக்கொண்டிருக்கும். டிராவலர் என்போம். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடும்போது இந்தத் துண்டு வளையத்தின் மேல் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டே போகும், எண்ணெயும் கிடையாது, கிரீஸும் கிடையாது. தேய்ந்துதான் ஆக வேண்டும். ஓடுகிற நூலின் பருமனைப் பொறுத்துச் சில நாளிலோ சில வாரத்திலோ எல்லா டிராவலரையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவோம். அது மலிவான சாமான். அது தேய்வதால்தான் விலை கூடிய வளையம் வருடக்கணக்கில் நிற்கிறது.

கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்களில் மெய்ன்டனன்ஸ் எஞ்சினியராகவே என் வேலைக்காலம் முழுக்கப் போனது. அங்கே நான் கற்றதில், ஓய்வுக்குப் பிறகும் தினமும் பயன்படுவது இந்த ஒரு விஷயம்தான். எந்தச் சாமானும் கெடும். கெடாத சாமான் செய்கிறோம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல வடிவமைப்பு என்பது, இருப்பதிலேயே மலிவான பாகம் முதலில் கெட்டு, விலை கூடிய பாகத்தைக் காப்பாற்றி, தானும் தனியாகக் கழன்று வருவது. ஃபியூஸ் அப்படித்தான், கிரைண்டர் பெல்ட் அப்படித்தான், மிக்ஸி ஜாரின் அடியில் மோட்டாரோடு பொருந்துகிற கப்ளர் அப்படித்தான். இன்றைக்குக் கடையில் விற்கிற சாமான்களில் பாதிக்கு மேல் இந்த முறை தலைகீழாகிவிட்டது என்பது என் கருத்து. சின்னது ஒன்று போனால் அதைத் தனியாகக் கழற்ற முடியாதபடி ஒட்டி, அடைத்து, பெரியதையும் சேர்த்துத் தூக்கிப்போட வைக்கிறார்கள். அதனால் எதை வாங்கும்போதும் எனக்கு முதலில் வருகிற கேள்வி விலை அல்ல, இதில் எது முதலில் கெடும், கெட்டால் அது மட்டும் கழன்று வருமா என்பதுதான்.

மிக்ஸியில் இருந்து ஆரம்பிக்கிறேன், எல்லார் வீட்டிலும் இருப்பது அதுதான். எங்கள் அபார்ட்மென்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் செய்வது அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. அடியில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறம். கெட்டியான மாவோ காய்ந்த மஞ்சளோ போட்டு மோட்டார் திணறும்போது, அதற்குள் இருக்கும் கம்பிச் சுற்று கருகாமல் இருக்க அந்த ஓவர்லோடு சுவிட்ச் கரண்டைத் துண்டித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் ஆறவிட்டு, அந்தப் பட்டனை அழுத்தி, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் ஓடும். இது தெரியாமல் எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புது மிக்ஸி வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். பழையதை வாங்கிக்கொண்ட கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்க்காமலா இருந்திருப்பார்?

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்துவிட்டது. அதுதான் மிக்ஸியின் டிராவலர், மாற்றிக்கொள்ளலாம், கடையில் கூலியோடு சேர்த்தும் பெரிய செலவு வராது. ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தால் அன்றைக்கே அந்த ஜாரை ஒதுக்கி வையுங்கள். பிளேடு நிற்கிற புஷ் தேய்ந்திருக்கும். அந்தக் கசிவு நேராக மோட்டார் ஷாஃப்ட் வழியாக உள்ளே இறங்கும். மலிவான புஷ்ஷை மாற்றாமல் விட்டால் மோட்டார் போகும், அப்புறம் மிக்ஸியே போகும். மிக்ஸி பாழாவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சீலிங் ஃபேன் சங்கதி வேறு. வருடம் ஆக ஆக ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, வயசாகிவிட்டது என்று மாற்றுகிறார்கள். பெரும்பாலும் தளர்ந்துபோனது ஃபேன் அல்ல, அதன் மேல்மூடிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர். 2.5 மைக்ரோஃபேரட் என்று எழுதியிருக்கும், வருடங்கள் போகப் போக அது குறையும், வேகமும் கூடவே குறையும். நூறு ரூபாய்க்குள் வரும் பாகம். எலக்ட்ரீஷியன் வந்து பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

அதற்காகப் பழைய ஃபேனையே கட்டிக்கொண்டு அழுங்கள் என்றும் சொல்லமாட்டேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். தினமும் 15 மணி நேரம் ஓடுகிற அறையில் இந்த வித்தியாசம் இரண்டு மாதத்துக்குச் சுமார் 40 யூனிட். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறிவிடும் என்பதால் விளிம்பில் நிற்கிற வீடுகளுக்கு இந்த 40 யூனிட் நல்ல பணம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியில் இருந்து நட்சத்திர லேபிள் கட்டாயம் ஆகிவிட்டது, அதைப் பார்த்து வாங்கலாம். ஆனால் பிஎல்டிசி ஃபேனில் முதலில் கெடுவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. அந்த போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, ரிமோட் தொலைந்தால் சுவரில் இருக்கும் சுவிட்சிலேயே ஓடுமா என்று கேட்டுவிட்டுத்தான் பில் போடச் சொல்ல வேண்டும். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். இருக்கிற எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். ஹாலிலும் படுக்கை அறையிலும் மாற்றினால் போதும், விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்கு எதற்கு?

எலக்ட்ரானிக் போர்டு என்றதும் சூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோட்டார் கம்பிச் சுற்றின் இன்சுலேஷனுக்கு எஞ்சினியர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். எலக்ட்ரானிக்ஸில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். எல்இடி பல்பில் ஒளி தருகிற சில்லு எளிதில் சாவதில்லை, அதை ஓட்டுகிற டிரைவர் என்கிற சின்ன போர்டுதான் சூட்டில் சாகிறது. காற்றுப் போக வழியில்லாத ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் பல்பை அடைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை. அதே மாதிரி, நிறைய வீடுகளில் டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ், அதன் மேல் வைஃபை ரவுட்டர், அதன் மேல் ஒரு துணி, துணி மேல் ஒரு பொம்மை. முதலில் அந்தத் துணியை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆயுள் நிச்சயம் கூடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு மிகக் குறைவு, என்னிடம் இருக்கிற டிடிஎஸ் மீட்டரில் அது மூன்று இலக்கத்தைத் தொட்டதே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை தாராளமாக ஏற்றுக்கொள்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. அப்படி இருக்க, சிறுவாணிக் குழாய் வருகிற வீட்டில் ஆர்ஓ மெஷின் விற்க ஒரு பையன் வந்தான். பக்கத்து வீட்டு அம்மா என்னையும் கூப்பிட்டார். பையன் பையில் இருந்து இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்தான். ஒன்றில் அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கருவியை இரண்டு டம்ளரிலும் படும்படி வைத்து பிளக்கைச் சொருகினான். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டியது. ஆர்ஓ தண்ணீர் பளிச்சென்று அப்படியே நின்றது. "பாருங்கம்மா, இதைத்தான் குழந்தைக்குக் குடுக்கறீங்க" என்றான். அந்த அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

நான் உள்ளே போய்ச் சமையலறையில் இருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவன் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீரில் போட்டு, "இப்ப வெச்சுப் பாரு தம்பி" என்றேன். குழாய்த் தண்ணீரைவிட வேகமாக அது பழுப்பானது. நடப்பது வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு டம்ளரிலும் இறங்குகிற கம்பியில் ஒன்று இரும்பு. தண்ணீரில் தாது உப்பு இருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். நாம் பார்க்கிற அழுக்கு தண்ணீரில் இருந்து வந்தது அல்ல, கம்பியில் இருந்து வந்தது. உப்பே இல்லாத தண்ணீரில் கரண்ட் பாயாது, அதனால் துருவும் வராது. பள்ளிக்கூட வேதியியல் பாடத்தில் வருகிற மின்னாற்பகுப்பு இது. அந்தப் பையனைத் திட்டவில்லை, அவனுக்கே அது தெரியாது, இப்படிச் செய்து காட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பயத்தைக் கிளப்பி விற்பதற்காகவே ஒரு கருவியைத் தயார் பண்ணி, வீடு வீடாகக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும், நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். அளந்து பாருங்கள். போர் தண்ணீர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு காட்டுகிற இடத்தில் ஆர்ஓ தேவைதான். குறைவாகக் காட்டினால் தேவையில்லை, ஏனென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் தருவதற்கு அந்த மெஷின் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும், ஃபில்டருக்கும் மெம்பிரேனுக்கும் வருடா வருடம் தண்டம் வேறு. ஆனால் ஒன்று, கிருமியை அந்த மீட்டர் காட்டாது. அதற்குக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண யூவி ஃபில்டர் போதும்.

உப்புத் தண்ணீர் வீடுகளில் கெய்சர் டேங்க் ஓட்டையாகிறது என்று புலம்புவார்கள். டேங்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும், ஆனோடு ராடு என்பார்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க இது முன்னால் நின்று தன்னைக் கரைத்துக்கொள்ளும். முழுசாகக் கரைந்த பிறகு தண்ணீர் டேங்கைத் தின்ன ஆரம்பிக்கும். கெய்சர் வாங்கின எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்? விற்கிறவன் சொல்வதில்லை, சர்வீசுக்கு வருகிறவனும் கேட்டால்தான் கழற்றிப் பார்க்கிறான். வருடம் ஒருமுறை சர்வீஸ் ஆளிடம் "ஆனோடு ராடு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கழட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டிவி, போன் விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் திரை பத்து வருடம் தாங்கும், அதற்குள் இருக்கும் ஸ்மார்ட் சமாச்சாரம் நாலைந்து வருடத்தில் தடுமாறும், ஆப் அப்டேட் நின்றுபோகும். நீண்ட ஆயுள் உள்ளதையும் குறுகிய ஆயுள் உள்ளதையும் ஒன்றாகப் பூட்டியதால் வருகிற தொல்லை இது. தடுமாற ஆரம்பித்ததும் டிவியை மாற்றாதீர்கள், பின்னால் சொருகுகிற ஸ்டிக் ஒன்று வாங்கிச் சொருகுங்கள். கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போனில் பேட்டரி முதலில் தளரும், ஏறக்குறைய ஐந்நூறு முழு சார்ஜ் ஆனதும் அது பழைய மாதிரி நிற்காது. அதை மாற்றினால் போன் இன்னும் இரண்டு வருடம் ஓடும். ஆனால் செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போனில் பேங்க் வேலை பார்ப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அதனால் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனில் இருந்து, ஒரு மாடல் விற்பனையில் இருந்து நின்ற பிறகும் ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட்டும் ஏழு வருடம் உதிரிபாகமும் கிடைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பிரான்சில் 2021-லேயே, போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்ற சாமான்களில் எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் ரிப்பேர் உரிமைக்காக 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது, ஒரு இணையதளமும் தொடங்கியது. நல்ல ஆரம்பம், ஆனால் இணையதளம் போதாது, சட்டம் வேண்டும். விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் அந்த மதிப்பெண்ணும் இருந்தால் எங்கள் ஊர்க் கடைவீதியான கிராஸ்கட் ரோட்டில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நிற்கிறவர்கூட அதைப் பார்ப்பார்.

தள்ளுபடி என்றதும் தவணையும் வரும். வட்டியில்லாத தவணை என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிராசசிங் கட்டணமாகவோ, ரொக்கத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய தள்ளுபடியைக் கொடுக்காமல் விட்டோ அந்த வட்டியை எங்கேயோ எடுத்துவிடுவார்கள். "முழுசாப் பணம் குடுத்தா எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், வட்டி எவ்வளவு என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தவணை முடிவதற்குள் சாமான் கெட்டுவிடும் என்று தோன்றினால் அந்தச் சாமான் வேண்டாம், அவ்வளவுதான்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற இடம். மெய்ன்டனன்ஸ் டிபார்ட்மென்டுக்கு ஒரு சாபம் உண்டு. ஒழுங்காக வேலை பார்த்தால் எதுவும் கெடாது. எதுவும் கெடாவிட்டால், இத்தனை ஃபிட்டர் எதற்கு என்று மேலே கேள்வி வரும். நான் இருந்த ஒரு மில்லில் அதுதான் நடந்தது. இரண்டு வருடம் பெரிய பிரேக்டவுன் இல்லை, உடனே ஷிப்டுக்கு இருந்த ஃபிட்டர்களைக் குறைத்து கான்ட்ராக்ட் ஆட்களைப் போட்டார்கள். கான்ட்ராக்ட்டில் வந்த பையன்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ஒரு மெஷினோடு பழகுவதற்குள் வேறு மில்லுக்கு மாற்றிவிடுவார்கள். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று டிராவலரை நடத்துகிற மாதிரி மனுஷனை நடத்தினார்கள். ஆனால் மில்லில் தேயாமல் காப்பாற்ற வேண்டிய வளையம் அந்த ஃபிட்டர்தான்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரி, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டாரின் பேரிங் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். "கேளுங்க சார், வெளி வளையத்துல சின்னதா கொத்து விழுந்திருக்கு, ஒரு வாரம் ஓடும், வர்ற லீவுல மாத்திடலாம்" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். கிரீஸை அளவாக வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நிறைய வைத்தால் நல்லது என்று அள்ளித் திணிப்பார்கள், உள்ளே இடமில்லாமல் கிரீஸே கடைபட்டுச் சூடேறி பேரிங்கைக் கெடுக்கும். இன்றைக்கு அதே வேலையை வைப்ரேஷன் சென்சார் செய்கிறது, கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான், நான் வேலையில் இருக்கும்போதே வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் சென்சார் சொன்ன பிறகு மெஷினை நிறுத்தலாம் என்று முடிவெடுக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? புரொடக்‌ஷன் குறையும் என்று பயந்து யாரும் நிறுத்தாவிட்டால் எத்தனை லட்சத்துக்கு சென்சார் வாங்கி என்ன? அந்த மேஸ்திரி சொன்னால் மேனேஜர்கூட மறுபேச்சுப் பேசமாட்டார். அந்த மரியாதையை எந்தச் சாஃப்ட்வேரோடும் சேர்த்து விற்கமாட்டார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்கிற எஞ்சினியர்களுக்கு நான் சொல்வது, முதல் வருடம் ஃபிட்டர்களோடு இருங்கள், கையில் கிரீஸ் படட்டும். ஷிப்டு மாறும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டுப் போகாமல், லாக் புக்கில் என்ன சத்தம் கேட்டது, எதைத் தொட்டீர்கள், எதை முடிக்காமல் விட்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த ஷிப்டு ஆள் மெஷினுக்குள் கையை விடுவதே நீங்கள் எழுதியதை நம்பித்தான். அப்புறம், வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற மெசேஜுக்கெல்லாம் பதில் போட வேண்டியதில்லை. நிஜமான அவசரம் என்றால் போன் வரும், அதை எடுங்கள். மற்றதற்கு ஷிப்டில் ஆள் இருக்கிறார், அவரை முடிவெடுக்க விடுங்கள்.

அந்த லாக் புக் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டில் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தச் சாமான், மாடல் நம்பர், வாங்கிய தேதி, வாரண்டி எப்போது முடிகிறது, எப்போது என்ன மாற்றினோம், யார் வந்து செய்தார், அவ்வளவுதான். வீட்டம்மாவும் எழுதுவார், நானும் எழுதுவேன். பில்லின் எழுத்து மங்கிப்போகும், அதனால் வாங்கிய அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுவோம். வாரண்டி இருக்கும்போதே கெட்டு, சர்வீஸ் சென்டரில் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள், காசு கிடையாது. தேதியும் மாடல் நம்பரும் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு மழைக்காலத்தில் காற்றில் எங்கள் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தது. சில வீட்டில் பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது, சில வீட்டில் மின்மினி மாதிரி மங்கியது. நியூட்ரல் போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறலாம். டிவியும் ஃபிரிட்ஜும் அன்றைக்கு நிறைய வீட்டில் போயின. வெளிச்சம் திடீரென்று அப்படி ஏறி இறங்கினால் யோசிக்காதீர்கள், ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். ஸ்பைக் கார்டு இதில் இருந்து காப்பாற்றாது. மெயின் போர்டில் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கிற புரொடெக்டர் ஒன்று வைத்துவிடுங்கள். கூடவே கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், அது சாமானுக்கு அல்ல, உயிருக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு நடுத்தர போனின் விலைகூட வராது. பழைய வீடுகளில் எர்த்திங்கையும் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

ரிப்பேர் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது எல்லை எது என்றும் சொல்ல வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்கிற அளவுக்கு வோல்டேஜ் நிற்கும். ஏசி அவுட்டோர் போர்டும் அப்படித்தான். மற்றதில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்குரூவைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திறந்து பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல மல்டிமீட்டர் கிடைக்கும், கெப்பாசிட்டர் அளக்கிற வசதி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் அபார்ட்மென்டில் எட்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை தன் வீட்டு ஃபேன் கெப்பாசிட்டரைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, தானே அளந்து, குறைந்திருப்பதைக் கண்டுபிடித்து அப்பாவுக்குச் சொன்னது.

நம்மால் முடியாததற்கு ரிப்பேர் கடைக்குத்தான் போக வேண்டும், அந்தக் கடை இருக்க வேண்டும் என்றால் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். காட்டூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் மோட்டார் ரீவைண்டிங்கும் மிக்ஸி, கிரைண்டர் வேலையும் பார்க்கிறார். கழற்றிப் பார்த்து, ஒயர் விட்டுப்போயிருந்ததைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு "இதுக்கென்னங்க சார், இருக்கட்டும்" என்பார். நாமும் சரி என்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்ப்பதற்கு மட்டும் ஐந்நூறு ரூபாய் வாங்கினால் பேசாமல் கொடுக்கிறோம். கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கிற அறிவுக்குத்தான் கூலி. பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், நல்ல மெக்கானிக் தானாகவே எடுத்துக் கொடுப்பார். என்ன மாற்றினார் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், பில் புத்தகம் இல்லாவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவருடைய பெயரும் நம்பரும் உங்கள் அலமாரிக் கதவுத் தாளில் ஏறட்டும், பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் கிராஸ்கட் ரோட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அந்த நம்பரைக் கொடுங்கள்.